சிபாரிசு வேண்டாம், சேதி போதும்!

மூன்றாம் ஆண்டு வந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "வேலைக்கு எங்கடா தேடுறது?"

வழி இல்லாமல் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் அது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. பஸ் எப்போ கிளம்பும்னு யாருக்கும் தெரியாது! கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் எல்லாப் பிரிவையும் கூப்பிடுவதில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையோடு ஓராண்டு பயிற்சி பெறலாம். சென்னை தரமணியில் இதற்கென்றே வாரியம் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அனுபவம் கையில் இருக்கும். இவை எதையும் விடக் கூடாது.

ஆனால் வேலையில் சேர்ந்த சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். "தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் சொன்னாரு" என்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வும் இதைப் பற்றியதுதான். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அவரை அடிக்கடி பார்த்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் மட்டுமே. எப்போதாவது பார்த்தவர்கள் 56 பேர்! காரணம் எளிது. கூடவே இருக்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்தில் இருப்பவரிடம்தான் புதுச் சேதி இருக்கும்.

சரி, தூரத்திலும் யாருமே இல்லாதவன் என்ன செய்வது? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அவருக்கு நூறு மேஸ்திரிகளைத் தெரியும். கம்பெனி மேனேஜர் ஒருவரைக்கூடத் தெரியாது. நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதானே?

"இது சிபாரிசு இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை! தகுதி இல்லாதவனை உள்ளே தள்ளுவது சிபாரிசு. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், டெஸ்டில் என்ன கேட்கிறார்கள் என்று சொல்வது சேதி. டெஸ்டை நாம்தான் எழுதப் போகிறோம்.

ஆகவே நம் சங்கம் ஒரு நோட்டுப் போட வேண்டும். படிப்பை முடித்துப் போகிறவர்கள் விருப்பப்பட்டுப் பெயர், பிரிவு, போன் நம்பர் எழுதட்டும். வேலை கிடைத்ததும் கம்பெனி பெயரைச் சேர்க்கட்டும். தங்கள் இடத்தில் ஆள் தேவை என்றால் ஒரு போன் செய்யட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

சங்கம் நோட்டு வாங்கட்டும். இந்த வருஷம் வெளியே போகிற நான், முதல் பக்கத்திலேயே என் பெயரை எழுதத் தயார். அடுத்த பெயர் யாருடையது?