டிரம்முக்குள் ஹோஸை விடாதீர்கள்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வீட்டுத் தளம் போடும் நாளில் அடிக்கடி பார்க்கிறேன். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் சிக்கிய ரெடிமிக்ஸ் லாரி தாமதமாக வரும். கலவை கெட்டியாக இருக்கும். "கொஞ்சம் தண்ணி விடுப்பா, ஓடட்டும்" என்பார் மேஸ்திரி. ஹோஸ் லாரியின் டிரம்முக்குள் போய்விடும். கட்டட மேற்பார்வையாளராக நான் நிற்கும் இடத்தில் இதற்கு அனுமதியில்லை. வீடு கட்டுகிறவர்களும் அனுமதிக்கக் கூடாது.

கலவை கெட்டியாவது நீர் வற்றுவதால் மட்டுமல்ல. சிமென்ட் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. உள்ளே நீர் சிறைப்படுகிறது. டிரம் நிமிடத்துக்கு 2 முதல் 6 சுற்று மெதுவாகச் சுழலும்போது கொத்துகள் பிரிகின்றன, மறுபடி சேர்கின்றன. அந்த இழுபறிதான் கலவையை இளக்கமாக வைத்திருக்கிறது. சுழற்சி நின்றால் துகள்கள் பின்னிக்கொள்ளும். சுழன்றாலும் சிமென்ட் இறுகத்தான் செய்யும், அதனால்தான் ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926, ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கச் சொல்கிறது.

பம்ப் குழாய்க்குள் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். தள்ளும் வேகத்தில் ஜல்லி சுவரைவிட்டு நடுவுக்கு ஒதுங்குகிறது. சுவரோரம் சிமென்ட் பால் மெல்லிய படலமாகத் தங்கி வழுக்கிக்கொடுக்கிறது. அவ்வளவு எடை மாடிக்கு ஏறுவது அந்தப் படலத்தின் தயவில்தான். நீர் அதிகமானால் பால் முந்திக்கொண்டு ஓடும். ஜல்லி ஒன்றோடொன்று முட்டி அடைத்துக்கொள்ளும்.

கூடுதல் நீர் பிறகு உலர்ந்து துளைகளை விட்டுப்போகும். நீர் கூடக் கூட வலிமை குறையும் என்று கான்கிரீட் ஆய்வாளர் டஃப் ஆப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். மாமல்லபுரம், கோவளம் கடலோரத்தில் அந்தத் துளைகள் வழியே உப்பு கம்பியைத் தொடும். கடலோரக் கட்டடங்களுக்கு கான்கிரீட் விதி ஐ.எஸ். 456 அனுமதிக்கும் அதிகபட்ச நீர்-சிமென்ட் விகிதம் 0.45, 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலின் ஈரத்தையும் சேர்த்து.

தண்ணீர் விடாமலே கலவையை இளக்க வழி இருக்கிறது. பாலிகார்பாக்சிலேட் வகை அட்மிக்சர் என்ற வேதிக்கலப்பு சிமென்ட் துகள்மேல் ஒட்டி, ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிவைக்கும். சிறைப்பட்ட நீர் விடுபடும். ஆலையின் தொழில்நுட்பர் அளந்து ஊற்றி, டிரம்மை வேகமாகச் சுற்றவிட்டு, கலவையின் இளக்கத்தை 30 செ.மீ. உயர ஸ்லம்ப் கூம்பில் சோதிக்க வேண்டும். பெரிய அடுக்குமாடிப் பணிகளுக்கு அவர் வருகிறார். கடன் வாங்கி ஒற்றை வீடு கட்டுகிறவருக்கும் அவர் வர வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே அதை எழுத்தில் கேளுங்கள். லாரி வந்ததும் சலானில் ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். 2 மணி நேரக் கெடு தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.