திரைக்குப் பின்னால் நிற்பவருக்கும் ஒரு பெயர் உண்டு!



முதலில் ஒரு கேள்வி. ஒரு பழைய சாவியும், ஓட்டை பியானோ ஒன்றும் கையில் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பழைய இரும்புக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்போம், அவ்வளவுதானே! ஆனால் 1963-ல் லண்டனில் பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் அந்தச் சாவியைப் பியானோவின் கம்பிகள் மேல் தேய்த்தார். வந்த சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து, மாற்றி, திருப்பி, ஒரு கால இயந்திரம் கிளம்பும் சத்தமாக ஆக்கிவிட்டார். இன்றைக்கும் அந்தத் தொடரில் அதே சத்தம்தான் அடையாளம்.

அந்தத் தொடரின் பெயர் ‘டாக்டர் ஹூ’. இவர் ஊசி போடும் டாக்டர் இல்லை! வேறொரு கிரகத்திலிருந்து வந்தவர். ஒரு நீல நிற போலீஸ் பெட்டியில் ஏறிக் காலத்தின் முன்னும் பின்னும் பயணம் செய்வார். வெளியே பார்த்தால் ஆள் ஒருவர் நிற்கிற அளவு பெட்டி. உள்ளே போனால் பெரிய கூடம்! பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று முதல் பகுதி வந்தது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடியும் போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதியைப் போட்டார்கள்.

தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட். வயது 27. முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். வயது 24. நம் லக்னோவில் பிறந்தவர்! முதலில் எடுத்ததைப் பார்த்த மேலதிகாரி சிட்னி நியூமன், “சரியில்லை, திரும்ப எடுங்கள்” என்று சொல்லிவிட்டார். இருவரும் மனம் தளராமல் முதலிலிருந்து எடுத்தார்கள். கையில் காசும் குறைவு, இடமும் குறைவு. சும்மா சொல்லக் கூடாது, அதை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது பெரிய காரியம்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி அல்ல. டீலியா டார்பிஷர் என்ற பெண்ணைப் பற்றி.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். பிபிசியின் ஒலிக்கூடத்தில் வேலை. தொடரின் தொடக்க இசைக்கு ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் மெட்டு எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கியவர் டீலியா. இன்று நாம் போனில் ஒரு பட்டனைத் தட்டினால் நூறு வாத்தியம் கேட்கும். அன்று அது ஏது? ஒரு கம்பியை மீட்டி ஒரு சத்தம், மின்கருவியிலிருந்து இன்னொரு சத்தம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நாடாவில் பதிந்து, தேவையான நீளத்துக்கு நாடாவை வெட்டி, வெட்டி, ஒட்டினார். கேட்டு அசந்துபோன கிரெய்னர், இதில் டீலியாவுக்கும் பங்கு தர வேண்டும் என்று விரும்பினார். நிறுவனத்தின் விதி இடம் கொடுக்கவில்லை. திரையில் கிரெய்னர் பெயர் வந்தது, ஒலிக்கூடத்தின் பெயர் வந்தது. டீலியாவின் பெயர் வரவில்லை.

எப்போது வந்தது தெரியுமா? 2013-ல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில்! டீலியா 2001-லேயே இறந்துவிட்டார்.

இன்னொருவர் ரேமண்ட் குசிக். டாக்டரின் எதிரிகளான ‘டாலெக்’ உருவத்தை வடிவமைத்தவர். கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர்க் குச்சியைக் கையாக வைத்து, உள்ளே ஓர் ஆளை உட்கார வைத்துக் காலால் தள்ள வைத்து, நாட்டையே பயமுறுத்தினார். டாலெக் பொம்மைகள் கடைகளில் பறந்தன. கதை எழுதிய டெர்ரி நேஷனுக்கு உரிமைப் பணம் வந்தது. குசிக் சம்பளக்காரர் ஆயிற்றே! அவருக்குக் கிடைத்தது ஒரு சிறிய அன்பளிப்புத் தொகை மட்டும்.

“அட, போப்பா! நடிகர் இல்லாமல் நாடகம் உண்டா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கைதட்டலுக்கு உரியவரே. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தக் காலப் பகுதிகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. அவற்றில் முகங்கள் போய்விட்டன. ஆனால் ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்ததால் சத்தம் மட்டும் பிழைத்துக்கொண்டது! யார் வேலை சின்ன வேலை, யார் வேலை பெரிய வேலை என்று யார் சொல்ல முடியும்?

“குழுவின் பெயரைச் சொன்னால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. போதாது என்பதே என் கருத்து. ஒலிக்கூடம் என்று போட்டால் ஒரு கட்டடம்தான் கண்ணுக்குத் தெரியும். டீலியா என்று 1963-லேயே போட்டிருந்தால், வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு சிறுமி, “கணக்குப் படித்த அக்கா ஒருத்தி இதைச் செய்திருக்கிறாளே, நானும் செய்யலாமே” என்று நினைத்திருப்பாள் அல்லவா? பெயர் என்பது வெறும் புகழ் இல்லை நண்பர்களே, பின்னால் வருகிறவருக்கு அது ஒரு வழிகாட்டிப் பலகை!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். போன ஆண்டு விழா நாடகத்தில் இடி இடித்தது ஞாபகம் இருக்கிறதா? அது நான்தான்! மேடைக்குப் பின்னால் ஒரு தகரத் தகட்டைப் பிடித்துக்கொண்டு உலுக்கினேன். என் பக்கத்தில் ஒருவன் திரையை இழுத்தான். ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ராஜாவின் கிரீடத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்து ஜிகினா ஒட்டினாள். கடைசியில் மைக்கில் நடிகர்கள் பெயரை மட்டும் வாசித்தார்கள். அந்தத் தங்கை எதுவும் சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தாள். யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, எனக்குமே அன்று தோன்றவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு விழாவில் திரை இழுத்தவர், விளக்குப் போட்டவர், உடை தைத்தவர், மேடை பெருக்கியவர் எல்லோர் பெயரையும் வாசிக்க வேண்டும். இரண்டு நிமிடம்தான் ஆகும். அறிவியல் கண்காட்சியில் மாதிரி அருகே நின்று விளக்குபவர் பெயரோடு, அதை வெட்டி ஒட்டியவர் பெயரையும் எழுத வேண்டும். டீலியாவுக்கு ஐம்பது ஆண்டு ஆனது. நமக்கு ஐம்பது நாள்கூட ஆக வேண்டாமே!

கடைசியாக ஒன்று. இந்தத் தாளில் முத்து முத்தாக இருக்கும் கையெழுத்து என்னுடையது இல்லை. என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து, பள்ளி விட்ட பிறகு இருந்து எழுதிக் கொடுத்தவர் வேறொருவர். இதுவரை வந்த எந்த இதழிலும் அவர் பெயர் இல்லை. இந்த முறை என் பெயர் வேண்டாம், அவர் பெயரை மட்டும் கீழ் மூலையில் எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். போகும்போது அந்த மூலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.



– 11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு