வான் பிடிக்கிற கணக்கு

சின்னம்மா குவைத்தில இருந்து வந்தபோது, அவவைக் கூட்டிவர யாழ்ப்பாணத்தில இருந்து ஏழு பேர் வானில கட்டுநாயக்கவுக்குப் போனோம். ஏழு பேர் எதுக்கெண்டு அப்ப நானும் கேட்கேல்லை. திரும்பி வரேக்க அவவின்ர பெட்டி ஒண்டு என்ர மடியில இருந்தது. வான் கூலி, வழியில சாப்பாடு எல்லாம் அவவின்ர காசு. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். ஆற்றையோ வீட்டில தரை துடைச்ச ஒரு மாதம்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை எண்டதும் தெரியும். போர்க்காலத்தில ஒரு தமிழ்ப் பெண் பெட்டியோட தனியக் கொழும்புக்குள்ள இறங்கிறது லேசான காரியமில்லை. சோதனைச்சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு. தெரிஞ்ச வான்காரர், சிங்களம் கதைக்கத் தெரிஞ்ச ஒரு மாமா, இதெல்லாம் அப்ப பாதுகாப்பு. இப்ப மிஞ்சியிருக்கிறது பெரும்பாலும் கௌரவம்தான். "வெளிநாட்டால வந்தவள் பஸ்ஸில வந்தாளாம்" எண்டு ஊர் சொல்லிப்போடும் எண்ட பயம்.

கட்டுநாயக்கவில இருந்து கொழும்பு 30 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. யாழ்ப்பாணம் 350க்கு மேல. முதல் துண்டைத் தனியாக யோசிச்சுப் பாருங்கோ. புறக்கோட்டைக்கு 187 பஸ் ஓடுது. நடத்துநர் "பிட்டகொட்டுவ" எண்டு கத்துவார், அது புறக்கோட்டைதான், பயப்பிடாதேங்கோ. 2013இல் திறந்த அதிவேகப் பாதையால போறதோ, ஜா-எலப் பக்கம் பழைய றோட்டால போறதோ எண்டு ஏறமுன்னம் கேளுங்கோ, நேரத்தில பெரிய வித்தியாசம். பெரிய பெட்டிக்கு இன்னொரு சீற்றுக் காசு கேட்கக்கூடும். அதைச் சேர்த்தாலும் வானுக்குப் பக்கத்தில வராது. புறக்கோட்டையில இறங்கினால் கோட்டை ரயில் நிலையம் கிட்ட. இல்லாட்டி வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீட்டில குளிச்சுச் சாப்பிட்டு, இரவு பஸ்ஸில ஊருக்குப் போகலாம்.

எல்லாருக்கும் பஸ்தான் எண்டு நான் சொல்லேல்லை. நடுச்சாமத்தில தனிய வாற பெண், மூண்டு பெட்டி, கைக்குழந்தை எண்டால் டக்சி எடுக்கிறதுதான் புத்தி. போன் செயலியில பிடிச்சால் கட்டணம் முதலே தெரியும். வண்டி இலக்கத்தை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு ஏறலாம். அதிவேகப் பாதைக் காசு கட்டணத்துக்குள்ளயோ வெளியாலயோ எண்டதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. வெளி வாசலில "எங்க போகணும்" எண்டு பெட்டியில கை வைக்கிற ஆளோட மட்டும் போகாதேங்கோ. நான் ஒருக்கால் போய், பேலியகொடையில வைச்சு விலை கூடின கதை எனக்குத்தான் தெரியும்.

எப்பிடி வாறது எண்டதை வாற ஆளிட்டக் கேட்கவேணும், அதுதான் என்ர சண்டை. பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்து அனுப்பின காசில, அவவைக் கேட்காமலே நாங்கள் வரவேற்பு நடத்துறம்.

வாற மாதம் சின்னம்மா திரும்ப வாறா. போனில "வான் ஒண்டும் பிடிக்கவேண்டாம், நீ மட்டும் வா பிள்ளை, பஸ்ஸில போவம்" எண்டா. சரியெண்டு சொல்லிப்போட்டன். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவ ஏற்கனவே வான்காரரோட கதைச்சுப்போட்டாவாம்.