யதீமின் பெயரால் கையெழுத்திடுபவர் யார்?



2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இத்தகைய இழப்பீடு வரும்போதும், தந்தை விட்டுச்சென்ற வீட்டில் பங்கு பிரியும்போதும் ஒரு கேள்வி எழும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரால் பேசுபவர் யார்?

"அத்தா இல்லாவிட்டால் என்ன, சாச்சா இருக்கிறாரே" என்பதுதான் நம் வீடுகளில் கிடைக்கும் விடை. அது தவறான விடை. நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் தனியார் சட்டப்படி, மைனரின் சொத்துக்குக் காப்பாளர் தந்தை. அவருக்குப்பின் அவர் வசிய்யத்தில் நியமித்தவர். அடுத்துத் தந்தையின் தந்தை. பிறகு அவர் நியமித்தவர். சாச்சா இவ்வரிசையில் இல்லை. தாயும் இல்லை. தாய் தன் விருப்பப்படி விற்ற மைனர் பங்கின் விற்பனை செல்லாது என்று 1918-இல் பிரிவி கவுன்சில் இமாம்பந்தி வழக்கில் தீர்ப்பளித்தது. இன்றுவரை அதுவே நிலை.

இதைக் கேள்விப்பட்ட தாய்மார் பலர், "எனக்கு நீதிமன்றம் போகவே உரிமையில்லை போலும்" என்று ஒதுங்கிவிடுகின்றனர். பேரிழப்பு நேர்வது இங்கேதான். விற்பது வேறு, வழக்கிடுவது வேறு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 32-இன்படி, மைனர் வாதியின் சார்பாக 'நெக்ஸ்ட் ஃபிரண்ட்' ஒருவர் வழக்குத் தொடுக்க வேண்டும். அவர் வயது வந்தவராக, தெளிந்த அறிவுடையவராக, அவ்வழக்கில் பிரதிவாதியாக இல்லாதவராக, பிள்ளையின் நலனுக்கு மாறான நலன் இல்லாதவராக இருந்தால் போதும். தாய் தாராளமாக வரலாம். மாறாக, பிரியாத பூர்வீக வீட்டில் தானும் பங்குதாரரான சாச்சா அப்பாகப் பிரிவினை வழக்கில் பிள்ளைக்காகப் பேச முடியாது, அவர் எதிர்த்தரப்பு. தாயின் நலனே பிள்ளையின் நலனோடு மோதுமானால் அவருக்கும் இதே விதிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதே கட்டளையின் 6, 7-ஆம் விதிகளை நம் ஜமாஅத் பெரியவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது மைனருக்காகச் சமரசம் செய்யவோ, தீர்ப்பில் வரும் பணத்தை வாங்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். சமரசம் மைனரின் நன்மைக்கே என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். வக்கீல் இருந்தால் அவரும் சான்றளிக்க வேண்டும். அனுமதியின்றிச் செய்த சமரசத்தை மைனர் ரத்து செய்யக் கோரலாம். எதிர்த்தரப்புக்கு அவ்வுரிமை இல்லை. பள்ளிவாசல் அலுவலகத்தில் எழுதப்படும் முச்சலிக்கையால் இதைத் தாண்டிவிட முடியாது.

"குடும்பத்துக்குள் தீர வேண்டியதற்குக் கோர்ட்டா?" என்பார்கள். கௌரவம் பற்றிய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தைப் பாருங்கள். யதீம்கள் திருமண வயதை அடைவது மட்டும் போதாது. அவர்களிடம் பக்குவம் தென்பட்ட பிறகே சொத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைக்க வேண்டும் என்கிறது அது. பதினைந்து வயதில் "பாலிகாகிவிட்டான், கையெழுத்துப் போடட்டும்" என்று அவசரப்படுவோர் அவ்வசனத்தின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். நாட்டுச் சட்டமும் பதினெட்டு வயதுவரை அக்கையெழுத்தை ஏற்காது.

பிள்ளையின் பங்கை விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படி தாய் தம்மைக் காப்பாளராக நியமிக்கக் கோரலாம். நம் மாவட்ட முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் அன்று, திருவில்லிபுத்தூரில் உள்ளது. மனுவில் பிள்ளையின் பெயர், மதம், பிறந்த தேதி, இருப்பிடம், சொத்து விவரம், நெருங்கிய உறவினர்கள் ஆகியவை இடம்பெற வேண்டும். காப்பாளராக இசைவதாக ஒரு கடிதம், அதில் குறைந்தது இரு சாட்சிகளின் கையொப்பம். (இங்கும் சாட்சிகள்!) நியமனம் கிடைத்தாலும் விற்பதற்குத் தனி அனுமதி உண்டு, அவசியமோ வெளிப்படையான நன்மையோ இருந்தால்தான் அது கிடைக்கும்.

காலதாமதமாகும் என்பது உண்மைதான். செலவுக்கு வழியுண்டு: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவிக்குத் தகுதியுடையோர்.

"இத்தா முடியட்டும்" என்று தாயிடம் சொல்லிவிட்டு, அந்த நான்கு மாதம் பத்து நாளுக்குள் ஆண்களே எல்லாத் தாள்களையும் எழுதி முடிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். அவசியத் தேவைக்காக இத்தாவிலுள்ள விதவை பகலில் வெளியே செல்வதை ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். ஒவ்வொரு மஹல்லாவும் விவரமறிந்த ஒருவரை நியமித்து, அத்தாயையும் அவருடைய மஹ்ரம் ஒருவரையும் திருவில்லிபுத்தூர் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லட்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை முதல் நாளே எடுத்துச் செல்வது நல்லது.