சாவி இரண்டு பேரிடம், பேனா எல்லோரிடமும்

திருப்பதியிலும் சித்தூரிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், எஞ்சினியரிங் படிப்பவர்கள், ஒரு நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறார்கள். லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் ஒரு விக்கி. கணக்குப் போடுவது, கடிதம் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது எல்லாவற்றையும் பயன்படுத்துகிறவர்களே எழுதி, பயன்படுத்துகிறவர்களே திருத்தும் கையேடு. திட்டத்தை ஒரு தாளில் எழுதி என்னிடமும் காட்டினார்கள். (பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. :-) )

தாளில் இருந்தவை: மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா? லோகோ என்ன கலர்? செல்போனில் எப்படித் தெரியும்? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் டொமைன் யார் பெயரில், பாஸ்வேர்ட் யாரிடம், சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே முடிவு செய்யவேண்டியவை இவைதான்.

இப்படி ஒரு கையேடு தேவையா என்றால், நிச்சயம் தேவை. லிப்ரே ஆபீஸின் மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், தெலுங்கிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெனுவைப் படிக்கத் தெரிந்தால் வேலை தெரிந்துவிடாது. இங்கே நம் கடைக்காரர்கள் பலர் தமிழில் நோட்டு எழுதுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான். அப்பா தமிழில் படித்துச் சொல்ல, மகன் இங்கிலீஷ் திரையில் கிளிக் செய்யவேண்டும். அந்த வீட்டுக்கு ஏற்ற மாதிரி எழுத, வெளியே இருந்து எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை. நாம்தான் எழுதவேண்டும்.

எழுதினால் மட்டும் போதுமா? திருமலையிலேயே உதாரணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அன்னமய்யா பாடிய கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலுக்குள் ஒரு சிறிய அறையில் வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில்தான் அவை மறுபடி வெளியே தெரியவந்தன. 12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. செம்பு என்பதால் சொற்கள் பிழைத்தன. ஆனால் ஏட்டில் ராகத்தின் பெயர் இருந்ததே தவிர, எப்படிப் பாடுவது என்ற ஸ்வரக் குறிப்பு இல்லை. மூல மெட்டுகள் போயே போய்விட்டன. இன்று நாம் கேட்பவற்றில் பெரும்பாலானவை ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பிற்கால வித்வான்கள் அமைத்த மெட்டுகள். இதிலிருந்து நான் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரே அறையில் பூட்டி வைத்த அறிவு பத்திரமாக இருக்கலாம், ஆனால் யாருக்கும் உதவாது. ‘என்ன’ என்பதை மட்டும் எழுதி ‘எப்படி’ என்பதை விட்டுவிட்டால், பாதிதான் பிழைக்கும்.

சரி, என் துறைக்கு வருகிறேன்.

பேங்க் ஸ்ட்ராங் ரூமை ஒரு ஆள் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு பேரிடம். மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, இதுதான் விதி. டூப்ளிகேட் சாவி அதே கிளையில் இருக்காது, வேறு இடத்தில் இருக்கும். சாவி கை மாறினால் பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். விக்கிக்கும் இதே முறை போதும். சர்வர் பாஸ்வேர்ட் குறைந்தது இரண்டு பேரிடம். பேக்கப் வேறு ஊரில், வேறு ஆளிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேக்கப்பிலிருந்து விக்கியை உண்மையிலேயே எழுப்பிப் பார்க்கவேண்டும். எழுப்பிப் பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத நோட்டுக் கட்டு மாதிரி. (டோக்குவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வைக்கிறது, ஃபோல்டரை நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. மீடியாவிக்கிக்கு டேட்டாபேஸ் உண்டு, அதையும் சேர்த்து எடுக்கவேண்டும். சின்னக் குழுவுக்கு முதலாவதே போதும் என்பது என் எண்ணம்.)

இது வீண் பயம் இல்லை. ஜென்டூ என்ற லினக்ஸுக்கு ஆர்வலர்கள் நடத்திய ஒரு விக்கி, அதிகாரபூர்வமானது அல்ல, ஆனாலும் பலர் நம்பிப் பயன்படுத்தியது, 2008-ல் தன் டேட்டாபேஸையே இழந்தது. சரியான பேக்கப் இல்லை. எத்தனையோ பேர் ராத்திரி கண்விழித்து எழுதிய பக்கங்கள்! யாரும் திருடவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிக்கவும் இல்லை. இன்னொரு பக்கம், ஆர்ச் லினக்ஸின் விக்கியைப் பாருங்கள். தன்னார்வலர்களே எழுதுவதுதான். வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்கள்கூட சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பார்க்கிறார்கள்.

அடுத்தது பெயர். லிப்ரே ஆபீஸ் பிறந்த கதையே இதற்குப் பாடம். அதற்கு முன்னால் இருந்தது ஓப்பன் ஆபீஸ். அதை வளர்த்த சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. அதே வருடம் செப்டம்பரில் தன்னார்வலர்களில் பலர் விலகி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிரலை எடுத்துக்கொண்டு போக முடிந்தது, ஏனென்றால் உரிமம் அனுமதித்தது. பெயரை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை, அது ஆரக்கிள் வசம் இருந்தது. (2011-ல் ஆரக்கிள் அதை அப்பாச்சி அமைப்பிடம் கொடுத்துவிட்டது, அது வேறு கதை.) ஆகவே டொமைனை ஒரு பையனின் கிரெடிட் கார்டில் வாங்காதீர்கள். அவனுக்கு நாளை பெங்களூரில் வேலை, மறுநாள் அமெரிக்கா. கார்டு காலாவதியானால் டொமைனும் காலாவதிதான். அதுபோல, முதல் பக்கம் எழுதும் முன்பே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை அறிவித்துவிடுங்கள். நாளைக்கு நமக்குள் பிரிவு வந்தாலும் எழுதியதை யாரும் எடுத்துக்கொண்டு போய்த் தொடரலாம். ஆயிரம் பக்கம் சேர்ந்த பிறகு ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்பது நடக்கிற காரியமா?

“நம்ம பசங்கதானே அங்கிள், எதுக்கு இவ்வளவு ரூல்ஸ்?” என்று ஒரு தம்பி கேட்டான். திருமலையில் உண்டியல் பணம் எண்ணும் பரகாமணிக்கு அரசு ஊழியர்களும் பேங்க் ஊழியர்களும் சேவையாகப் போகிறார்கள். பக்தியோடு போகிறவர்கள்தான். இருந்தாலும் பை வைத்த சட்டையோடு உள்ளே உட்கார முடியாது. இதில் அவமானம் ஒன்றும் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், நாளைக்கு யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

ஆனால் ஒன்று. இந்தக் கெடுபிடி சாவியோடு நிற்கவேண்டும். எழுத்துக்கு வரக்கூடாது. பேங்கில் ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பாஸ் செய்யவேண்டும். அதையே இங்கே கொண்டுவந்தால் விக்கி படுத்துவிடும். விக்கிப்பீடியாவுக்கு முன்னால் நியூபீடியா என்று ஒன்று 2000-ல் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுதி, ஏழு கட்டப் பரிசீலனை. மூடும்வரை தேறிய கட்டுரைகள் முப்பதைக்கூடத் தொடவில்லை. 2001 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். அந்த ஒரே வருடத்தில் சுமார் 20,000 கட்டுரைகள். தப்பு வரும், வரட்டும். பழைய வடிவம் அப்படியே சேமிப்பில் இருக்கிறது, ஒரு கிளிக்கில் திருப்பிவிடலாம். ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி எழுத்துப்பிழையோடு எழுதினாலும் எழுத விடுங்கள். வட்டிக் கணக்குக்கு ஃபார்முலா போடுவது எப்படி என்று அவர் சொன்னால் இன்னொரு அண்ணாச்சிக்கு உடனே புரியும்.

கடைசியாக, கூடிப் பேச ஓர் இடம். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். தெலுங்கு விக்கிப்பீடியாவில் அதற்கு ரச்சபண்ட என்று பெயர், ஊர் நடுவில் மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் கல்மேடை. சித்தூர் பக்கம் கிராமத்துக்குப் போனால் நேரில் பார்க்கலாம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் தனித்தனியாகத் தோன்றியது அந்த மரத்தடிதான். ‘ஃபைல்’ என்பதா ‘கோப்பு’ என்பதா என்று நம் ஆட்கள் கட்டாயம் சண்டை போடுவார்கள். அதை வாட்ஸாப்பில் போட்டால் அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. விக்கியிலேயே பேசி, முடிவையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். புதிதாக வருகிறவர் அதே சண்டையைத் திரும்பத் தொடங்கமாட்டார்.

பிள்ளைகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: முதல் மாதம் லோகோ வேண்டாம். இரண்டு சாவிக்காரர்கள், ஒரு பேக்கப்காரர், ஒரு உரிமம், ஒரு மரத்தடி, பத்துப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மெனுவின் பெயர் தமிழிலும் இங்கிலீஷிலும், முடிந்தால் தெலுங்கிலும். சாவிக்காரர்களில் ஒருவராவது இன்னும் ஐந்து வருடத்துக்கு இந்த ஊரை விட்டுப் போகாதவராக இருக்கட்டும்.

அந்தப் பத்துப் பக்கத்தைப் பிள்ளைகளே எழுதவேண்டும் என்றும் இல்லை. தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும் அப்பா அம்மாக்கள்தான். மாதக் கணக்கு, சீட்டுப் பணம், கல்யாண மொய் எழுதுவது என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை லிப்ரே ஆபீஸில் எப்படிச் செய்வது என்று பிள்ளைகள் சேர்த்து எழுதட்டும். இந்த மாதம் என் பங்கு, ரெகரிங் டெபாசிட் வட்டிக் கணக்கு.