வாசலில் துறைமுகம், கப்பல் வேலை யாருக்கு? எல்லைக் கிராம இளைஞர்கள் முன் நிற்கும் கேள்வி

நெய்யாற்றின்கரை: தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கு அருகிலேயே உலகின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் இன்று வந்து செல்கின்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞ்ஞத்தில் அமைந்துள்ள பன்னாட்டுத் துறைமுகத்துக்கு முதல் பெரிய கப்பலான 'சான் பெர்னாண்டோ' 2024 ஜூலையில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகம் வந்துவிட்டது, அதனுடன் வேலையும் வந்துவிட்டதா என்பதே இப்போதைய கேள்வி.

பெருகாத ஆள் தேவை: 2025 ஜூனில் விழிஞ்ஞம் வந்த 'எம்.எஸ்.சி. இரினா', இருபது அடிப் பெட்டகக் கணக்கில் 24,346 பெட்டகங்களை ஏற்றும் திறன் கொண்டது. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள இத்தகைய கப்பலைச் செலுத்தச் சில டசன் பேரே போதும். கப்பலின் அளவு கூடும் வேகத்தில் பணியாளர் எண்ணிக்கை கூடுவதில்லை.

கரையிலும் இதே நிலைதான். பெட்டகங்களை ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே விழிஞ்ஞத்தின் முதன்மைப் பணி. முற்றத்திலுள்ள கிரேன்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைவழியே இயக்கப்படுகின்றன. அவற்றை இயக்குவோரில் சுற்றுவட்டார மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் உள்ளனர் என்பது நம்பிக்கை தரும் மாற்றம். எனினும் சுமை தூக்கும் கைகளுக்குப் பழைய துறைமுகங்கள் அளித்த இடம் இங்கே இல்லை. சரக்குக் கிடங்கு, லாரி, பழுதுபார்ப்பு ஆகிய உள்நாட்டு வேலைகள் பெருக வேண்டுமானால், சரக்கு தரைவழியே வெளியேற வேண்டும். பாலராமபுரத்துடன் துறைமுகத்தை இணைக்கத் திட்டமிடப்பட்டுள்ள 10.7 கி.மீ. ரயில் பாதை அதனால்தான் இப்பகுதிக்கு முக்கியமாகிறது.

பற்றாக்குறை எங்கே? உலகக் கடலோடிகளில் சுமார் 12 சதவீதத்தினர் இந்தியர் என மத்திய அரசு கூறுகிறது. 2026-க்குள் மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவர் என்று பன்னாட்டுக் கப்பல் அமைப்புகள் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அறிக்கை சுட்டிய இத்தேவை, சான்றிதழ் பெற்ற அதிகாரிகளுக்கானது. கப்பலில் எப்படியாவது ஏறிவிட்டால் போதும் என எண்ணும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

எரிபொருள் மாற்றம் இத்தேவையின் தன்மையையும் மாற்றுகிறது. 2050-ஐ ஒட்டி நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவதே சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இலக்கு. இதற்கான புதிய விதிகளை ஏற்கும் முடிவு 2025 அக்டோபரில் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் எரிவாயு, மெத்தனால் ஆகியவற்றில் இயங்கும் கப்பல்கள் ஏற்கெனவே கடலில் உள்ளன. அவற்றில் பணியாற்றத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும். நாளைய எந்திர அறையில் டீசல் அனுபவம் மட்டும் போதாது.

ஏமாற்றத்தின் விலை: இடைத்தரகர்களின் பிழைப்பு, தகவல் அறியாத குடும்பங்களை நம்பியே நடக்கிறது. 2024-இல் உலகெங்கும் உரிமையாளர்களால் கைவிடப்பட்ட கப்பல்களில் 3,133 கடலோடிகள் தவித்ததாகவும், அவர்களில் இந்தியர்களே அதிகம் என்றும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு தெரிவித்தது. வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், அந்த முகவர் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்பதை இயக்குநரக இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

கடற்கரையின் கணக்கு: பூவார், பொழியூர் மீனவர்களுக்கு மாற்றத்தின் சுமை முதலில் வந்தது. கடலரிப்பையும் வாழ்வாதார இழப்பையும் முன்வைத்து 2022-இல் விழிஞ்ஞத்தில் நூறு நாட்களுக்கு மேல் போராட்டம் நடந்தது. 2025 மே மாதம், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி சென்ற 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால் கரை ஒதுங்கிய பெட்டகங்களும் பிளாஸ்டிக் துகள்களும் மீன்பிடித் தொழிலைப் பாதித்தன. தலைமுறைகளாகக் கடலை அறிந்த இம்மக்களின் அனுபவம் வணிகக் கப்பலில் சான்றிதழாகக் கணக்கிடப்படுவதில்லை. மீனவ இளைஞரும் பயிற்சி நிலையத்தில் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பள்ளியிலேயே தொடங்கும் பாதை: பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஆறு மாதப் பொதுப் பணியாளர் பயிற்சி உண்டு. அதிகாரியாக விரும்புவோர் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கொச்சியிலும் அதன் வளாகம் உள்ளது. எனவே பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவைத் தேர்வது என்ற முடிவே ஒரு மாணவரின் கடல் வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தமிழ்வழி, மலையாளவழிப் பயிலும் எல்லைக் கிராம மாணவர்களுக்கு இந்த வழிகாட்டுதலும், ஆங்கிலப் பயிற்சியும், கல்விக் கட்டண உதவியும் அந்தந்தப் பள்ளிகளிலேயே கிடைக்கச் செய்வது மாநில அரசும் துறைமுக நிர்வாகமும் இணைந்து ஏற்க வேண்டிய பொறுப்பாகும். அது நடக்காவிட்டால், கப்பல்கள் வந்து போவதைக் கரையில் நின்று பார்ப்பவர்களாகவே இப்பகுதி இளைஞர்கள் எஞ்சுவர்.