அம்புக்குறி எங்கே போகிறது?

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்பும் தங்கவயல் பிள்ளைகளில் பலர் இன்று கணிப்பொறித் துறையில் இருக்கிறார்கள். தாத்தா ஷாஃப்டில் இறங்கினார், பேரன் ரயிலில் ஏறுகிறான். மகிழ்ச்சிதான். ஆனால் பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்த இந்தப் பிள்ளைகளிடம் “டேட்டா ஃப்ளோ டயகிராம் படித்தாயா, தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள். “படித்தேன் அங்கிள், அஞ்சு மார்க் கேள்வி” என்பார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த அஞ்சு மார்க் சமாசாரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். கவிதையும் பட்டிமன்றச் செய்தியும் வருகிற சங்க மலரில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களின் பென்ஷன் காகிதத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற உரிமையும் கொஞ்சம் உண்டு.

தரவு ஓட்டப் படம் என்று இதைத் தமிழில் சொல்லலாம். ஒரு அலுவலகத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுவதற்கு முன்னால், அங்கே தகவல் எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, எந்த ஏட்டில் தங்குகிறது என்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது. குறிகள் நான்கே நான்கு. வேலை நடக்கும் இடத்துக்கு வட்டம். வெளியே இருந்துகொண்டு தகவல் கொடுப்பவர், வாங்குபவருக்குப் பெட்டி. தகவல் தங்கும் ஏட்டுக்கு இரண்டு இணைகோடு. இவற்றுக்கு இடையே ஓடுவதற்கு அம்புக்குறி. ஒவ்வொரு அம்பின் மேலும் என்ன தகவல் போகிறது என்று எழுதியாக வேண்டும். பெயரில்லாத அம்பு போட்டால் பழைய வாத்தியார்கள் பூஜ்யம் போடுவார்கள்.

ஃப்ளோ சார்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எதற்குப் பின் எது, ‘ஆம் என்றால் இங்கே, இல்லை என்றால் அங்கே’ என்பதெல்லாம் ஃப்ளோ சார்ட்டின் வேலை. இந்தப் படத்தில் வரிசையும் இல்லை, முடிவெடுக்கும் கட்டமும் இல்லை. தகவலின் போக்குவரத்து மட்டும்தான்.

நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற உதாரணமாக ஒரு சுரங்கத்தின் டைம் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். ‘தொழிலாளி’ என்று ஒரு பெட்டி. அதிலிருந்து ‘வருகை பதிதல்’ என்ற வட்டத்துக்கு ஒரு அம்பு; அதன் மேல் ‘ஆள் நம்பர்’ என்று எழுதுகிறோம். முனுசாமி என்று பெயர் எழுதினால் போதாதா? போதாது, ஒரே லைனில் நாலு முனுசாமி இருந்த ஊர் நம்முடையது. அந்த வட்டம் ஆள் பதிவேட்டைப் பார்த்து, இவர் நம் ஆள்தான் என்று தெரிந்துகொண்டு, வருகைப் பதிவேட்டில் எழுதுகிறது. ‘கூலி போடுதல்’ என்ற அடுத்த வட்டம் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறது. அங்கிருந்து சம்பளச் சீட்டு தொழிலாளிக்கும், பிடித்தக் கணக்கு ‘வைப்பு நிதி அலுவலகம்’ என்ற இன்னொரு பெட்டிக்கும் போகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த நிமிஷம் பூமிக்கடியில் இருப்பவர்கள் யார் யார் என்று எந்த நேரத்திலும் பெயரோடு தெரியும்படி பதிவேடு இருக்க வேண்டும் என்பது 1952-ஆம் வருடச் சுரங்கச் சட்டத்தின் விதியாக இருந்தது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம். பாறை வெடிப்புக்குப் பேர்போன ஊர். சங்கு ஊதினால் கீழே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் உடனே வேண்டும். அதனால் வருகைப் பதிவேட்டிலிருந்து கூலிக்கு ஒரு அம்பு போட்டுவிட்டு நிறுத்த முடியாது, மீட்பு வேலைக்கும் ஒரு அம்பு போக வேண்டும். கூலிக்கணக்கை மட்டும் மனத்தில் வைத்து நிரல் எழுதுகிற பையனுக்கு இந்த இரண்டாவது அம்பு தோன்றவே தோன்றாது. படத்தை மேஜைமேல் விரித்தால், இரண்டு எழுத்து படித்த மேஸ்திரி விரலை வைத்து, “சாமி, இங்கே ஒண்ணு குறையுதே” என்பார்.

இந்தப் படமே அதற்காகப் பிறந்ததுதான். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டாம் டிமார்கோ, எட்வர்ட் யுவர்டன், கிறிஸ் கேன், டிரிஷ் சார்சன் முதலியோர் இதைப் பரப்பினார்கள். டிமார்கோவின் நூல் 1978-இல் வந்தது. கேன், சார்சன் இருவரும் வட்டத்துக்குப் பதில் முனை மழுங்கிய கட்டம் போட்டார்கள், மற்றபடி விஷயம் ஒன்றே. அதுவரை புத்தகம் கனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். வேலையைத் தெரிந்தவர் அதைப் படிக்க மாட்டார், படித்தவருக்கு வேலை தெரியாது. ஒரே பக்கத்தில் படமாகப் போட்டால் வேலைக்காரரே திருத்தித் தருவார் என்று கண்டுகொண்டார்கள்.

சில கண்டிப்பான விதிகளும் உண்டு. உள்ளே தகவல் போகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் அந்த வட்டம் கருந்துளை. உள்ளே ஒன்றும் போகாமல் வெளியே மட்டும் வந்தால் அது அதிசயம். மந்திரவாதி செப்பிலிருந்து புறா எடுப்பது மாதிரி. ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்கு நேராக அம்பு போடக் கூடாது. ஏடு தானாக நடக்காது, நடுவில் யாரோ எடுத்து எழுத வேண்டும். மேல்மட்டப் படத்தில் ஒரு வட்டத்துக்குள் மூன்று அம்பு போனால், அதைப் பிரித்துப் போடும் கீழ்மட்டப் படத்திலும் அதே மூன்று வர வேண்டும்.

நம் சங்கத்தையே பாருங்களேன். வீடு மாறியவர் புது விலாசத்தைச் சந்தா கட்டும்போது சொல்கிறார். அது ரசீதுப் புத்தகத்தில் ஏறுகிறது. மலர் அனுப்பும் அன்பரோ வேறு நோட்டைப் பார்த்து உறை எழுதுகிறார். இரண்டு ஏட்டுக்கும் நடுவே வட்டமே இல்லை. ‘எனக்கு மலர் வரவில்லை’ என்று வருகிற கடிதங்களுக்கெல்லாம் காரணம் இதுதான். தபால்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இனி என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். எந்தப் படத்தைப் போட்டாலும், முடித்த பிறகு, அதிலிருக்கும் நிறுவனத்தின் வட்டங்களை அழிரப்பரால் அழித்துவிட்டு மறுபடி பாருங்கள் என்பேன். இதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. தங்கவயல்காரன் சொல்லலாம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1956-இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசு, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ், 2001-இல் மூடல் என்று வட்டத்தின் பெயர் மாறி மாறிக் கடைசியில் வட்டமே அழிந்ததைக் கண்ணால் கண்ட ஊர் இது. வட்டம் போனாலும் பெட்டிகள் போகவில்லை. தொழிலாளி இருக்கிறார், அவர் விதவை இருக்கிறார், வைப்பு நிதி அலுவலகம் இருக்கிறது. ஏடுகளும் எங்கோ இருக்கும். ஆனால் ஏட்டைத் திறந்து படித்துப் பதில் சொல்ல நடுவில் ஆள் இல்லை.

எங்கள் லைனிலிருந்து வெளியூர் போய் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மனைவி, எனக்குப் பெரியம்மா முறை. தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகிறது, பெயர் எதற்கு? கணவர் காலமான பிறகு குடும்ப பென்ஷனுக்கு எழுதிப் போட்டார். ஒரு தாளில் கணவர் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், இன்னொரு தாளில் பின்னால் அப்பா பெயர் முழுதாக. ஆங்கில எழுத்திலும் ஒன்று கூடுதல். “பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்” என்றார்கள் ஒரு அலுவலகத்தில். கம்பெனி எங்கே இருக்கிறது, கடிதம் கொடுக்க? பெரியம்மா அலைந்த அலைச்சலை இரண்டு வருடம் பார்த்தேன். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் முன்னால் இருந்த திரை, ‘முதலாளியிடமிருந்து உறுதிக் கடிதம்’ என்ற அம்பு வந்தால்தான் மேலே நகரும். முதலாளி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் திரையை எழுதியவன் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வட்டத்தை அழித்துப் பார்த்திருந்தால் அந்த அம்பு அந்தரத்தில் தொங்குவது தெரிந்திருக்கும். பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கூட வேலை பார்த்த இருவரின் சாட்சி என்று வேறு பெட்டியிலிருந்து ஒரு அம்புக்கு வழி வைத்திருப்பான்.

இதற்கு நேர்மாறான கேள்வியும் ஒன்று உண்டு. தகவல் போகக் கூடாத இடத்துக்குப் போவது. இதிலும் நம் ஊர் முன்னோடி. 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு முக்கியமான காரணம், ஆட்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு. கூலி உயர்வுக்காக நடந்த போராட்டங்களைப் பற்றி மேடையில் பேசுகிறோம், இதை அதிகம் பேசுவதில்லை. என் ரேகை எந்த ஏட்டில் தங்கும்? மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் ஆகிய நாலு கம்பெனிகளையும் ஜான் டெய்லர் கம்பெனிதானே நிர்வகிக்கிறது, ஒன்றில் வேலை போனால் மற்ற மூன்றிலும் கதவு சாத்துமா? அவர்கள் எதிர்ப்பில் நான் படிக்கும் கேள்வி இது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அந்தத் தாத்தாக்கள் அம்புக்குறியின் மறுமுனையைத்தான் கேட்டார்கள் என்று நான் கொள்கிறேன்.

இன்று நாம் ஒரு சிம் கார்டுக்கு விரலை வைக்கிறோம், ரேஷனுக்கு வைக்கிறோம், கேட்பதே இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நாட்டில் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், தேவை முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. நல்லது. ஆனால் எதை அழிப்பது, எதை வைப்பது? தொழிலாளியின் பணிக்கால ஏடு அவர் பேரன் காலம்வரை அழியக் கூடாது; கேட்டில் வைத்த கைரேகை, வேலை விட்ட பிறகு இருக்கவே கூடாது. இரண்டும் ஒரே ஏட்டில் கிடக்கிறதா, வேறு வேறா என்பதைப் படம் போடாமல் எந்த வக்கீலும் சொல்ல முடியாது.

‘இதெல்லாம் பழைய முறை அங்கிள், யு.எம்.எல். வந்துவிட்டது, இப்போது அதுவும் போய் வேறு வந்துவிட்டது’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். யு.எம்.எல். 1997-இல் தரநிலை ஆனது, உண்மை. அதனால் வகுப்பறைகளில் இந்தப் படத்தின் மவுசு குறைந்ததும் உண்மை. ஆனால் மென்பொருளில் திருடன் எந்த வழியாக நுழைவான் என்று ஆராய்கிற பாதுகாப்பு நிபுணர்கள் இன்றும் முதலில் போடுவது இதே படத்தைத்தான். மைக்ரோசாஃப்டின் முறையிலும் அப்படியே. நம்பிக்கைக்கு உரியவர் எல்லை இதுவரை என்று ஒரு புள்ளிக்கோடு மட்டும் கூடுதலாக இழுக்கிறார்கள். பழையதாகிப் போனது நம் கல்லூரிகள் இதைச் சொல்லிக்கொடுக்கும் விதம். வருடா வருடம் அதே நூலக நிர்வாகம், அதே ஹோட்டல் முன்பதிவு, சீனியர் நோட்டிலிருந்து அப்படியே நகல். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியராக இருந்த வி. ராஜாராமன் இந்தப் பாடத்துக்கு மாணவர் விடுதியின் மெஸ் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொண்டார். தினம் சாப்பிடுகிற இடம், கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த மே விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு சார்ட் அட்டையும் பென்சிலும் கொடுங்கள். ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரைப் பற்றிய தகவல் எங்கெங்கே எழுதப்பட்டது, யாருக்குப் போனது, இப்போது எந்தத் தாள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வரையட்டும். பெயர் எந்தத் தாளில் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் அம்பின் மேலேயே குறிக்கட்டும். டைம் ஆபீஸில் பேனா பிடித்தவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களைக் கேட்க வேண்டியதை இந்த வருடமே கேட்டுவிடுங்கள். வரைந்து முடித்ததும் வட்டங்களை அழிக்கச் சொல்லுங்கள். தொங்கி நிற்கிற அம்புகளை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பினால், எந்த அலுவலகத்தில் என்ன விண்ணப்பம் போடலாம் என்று பார்த்துச் சொல்ல நானும், இத்துறையிலிருக்கும் நம் சங்க இளைஞர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம்.